வெளியேதான் நிற்கிறேன்

ஜூன் 4

லிஃப்ட்காரருக்கு,

நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் நலமில்லை என்பதை ஆஸ்பத்திரியே எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறது. நேற்றும் எமர்ஜென்சியிலிருந்து ஒரு நர்ஸ். “உங்க வீட்டுக்காரர் நெஞ்சு வலின்னு வந்திருக்கார். பதறாதீங்க.” அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பதறியது. ஆன்லைன் வகுப்பில் பாதிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வாசல்வரை ஓடினேன். பஸ்ஸே ஓடாதபோது அங்கிருந்து எப்படி உங்கள் ஊருக்கு வருவது? மத்தியானம் அதே நர்ஸ் கூப்பிட்டு, எல்லாம் நார்மல், வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றாள்.

கொரோனாவுக்குப் பயந்து ஊரே ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நீங்கள் என்னடாவென்றால் மாமியார் வீட்டுக்குப் போவதுபோல் வாரா வாரம் போய்வருகிறீர்கள்.

நாம் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஏன் என் நம்பரைக் கொடுக்கிறீர்கள்? உங்கள் தம்பியின் நம்பரைக் கொடுங்கள். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

டீச்சர்


ஜூன் 12

டீச்சருக்கு,

நடிக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. இடது கை மரத்துப்போகிறது. மூச்சு பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே, கொரோனா டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாமலா இப்படி வலிக்கும்? அதை நினைத்தால் பயம் இன்னும் கூடுகிறது. போன தடவை டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “நிஜமா முடியாதவங்க வெளிய காத்திருக்காங்க சார்” என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

கீழ்வீட்டு டெய்லரை நினைவிருக்கிறதா? உன் ஜாக்கெட்டைச் சின்னதாகத் தைத்துவிட்டு உன்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாரே, அவர்தான். ஏப்ரலில் செத்துப்போனார். தனியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவர் கதவைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். நாற்றம் வந்த பிறகு நான்தான் கம்பியால் கதவை உடைத்தேன். எனக்கு வலி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தம்பி போனையே எடுப்பதில்லை. “யாருக்குச் சொல்லணும்?” என்று அங்கே கேட்கும்போது வேறு நம்பர் வாயில் வரவில்லை. இனி மாற்றிவிடுகிறேன்.

லிஃப்ட்காரன்


ஜூன் 20

லிஃப்ட்காரருக்கு,

டெய்லர் விஷயத்தைப் படித்து அழுதேன். இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன? உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஒரு நாள் சினிமாவுக்குக் கிளம்பிய வழியில், நீங்கள் ரிப்பேர் பார்க்கும் லிஃப்ட்டில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டாள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்களே. அவளிடம் ஒரு மணி நேரம் பேசினீர்கள். அதில் கால்வாசியை வீட்டில் பேசியிருந்தால் நான் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடக்க மாட்டேன்.

டாக்டர்தான் ஒன்றுமில்லை என்கிறாரே. மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். சும்மா சும்மா அங்கே போய், இல்லாத நோயை வாங்கி வராதீர்கள்.

டீச்சர்


ஜூலை 1

டீச்சருக்கு,

நீ சொன்னபடி போகவில்லை. நேற்று வேலையிடத்தில் வலி வந்தது. மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் தாண்டிப் போனார்கள். தொற்று என்று நினைத்திருப்பார்கள், யாரும் கிட்டே வரவில்லை. தானாக அடங்கியது.

ஆஸ்பத்திரியில் சொல்லி உன் நம்பரை எடுத்துவிட்டேன். வேறு யாருடையதும் கொடுக்கவில்லை. இனி உனக்குத் தொந்தரவு இருக்காது.

இப்போதெல்லாம் கதவைத் தாழிடாமல்தான் தூங்குகிறேன். யாரும் உடைக்க வேண்டியிருக்காது.

லிஃப்ட்காரன்


ஜூலை 7

என் லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். பஸ் ஓடினால் இந்நேரம் வந்து நின்றிருப்பேன்.

அன்றைக்கு அந்த அம்மா, “காத்தே இல்ல, செத்துடுவேன்” என்று உள்ளேயிருந்து கத்தினாள். லிஃப்ட்டுக்குள் காற்று போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் அவளை அதட்டவில்லை. தரையில் படுத்து, கதவிடுக்கில் வாயை வைத்து, “நான் வெளியேதான் நிக்கிறேன், பேசிட்டே இருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். படுத்துக்கொண்டு நிற்கிறேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காற்றுதான் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பேச்சு என்று திரும்பும்போது கேட்டேன். “காத்து இருக்கு. ஆனா அவங்களுக்கு மூச்சு முட்டுறதும் நிஜம்தானே” என்றீர்கள்.

உங்களுக்கும் மூச்சு முட்டுவது நிஜம்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள். யார் என்ன சொன்னாலும் போங்கள், என் நம்பரையே கொடுங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். வகுப்பு நடந்தாலும் எடுப்பேன். பேச வராவிட்டால் பேச வேண்டாம், போனை வைக்காமல் இருந்தால் போதும். திரும்பி வருகிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நான் வெளியேதான் நிற்கிறேன்.

டீச்சர்


ஜூலை 16

டீச்சருக்கு,

நேற்று நீ பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்ததை முழுக்கக் கேட்டேன். கடைசிப் பெஞ்சுக்காரன் மாதிரி சத்தமில்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி மீதியை மறந்ததற்கு நீ திட்டியபோது சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வலி மறுபடியும் வரும். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

போனில் சொல்ல வாய் வராது. நேற்று கதவைத் தாழிட்டுவிட்டுத் தூங்கினேன்.

உன் லிஃப்ட்காரன்