துண்டுக்கடியில் பேசிய விலை

அண்ணி,

இன்று காலை நம் முந்திரிக் கொட்டகை வாசலில் லாரியின் தார்ப்பாயை அவிழ்த்து முதல் மூட்டையைப் பிரித்தார்கள். காய்ந்த சணலும் செம்மண்ணும் கொட்டையின் எண்ணெய்க் காரமும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, நம் உடையார்பாளையம் வந்து சேர்ந்த முந்திரிக்கொட்டை. நம் தோப்புக் கொட்டைக்கு இந்த வாசனை கிடையாது. மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மூட்டை இறக்க வந்தவர், "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னால் நம்பவா போகிறார்?

நம் பக்கத்து அறுவடை பங்குனியில் தொடங்கி ஆனியோடு முடிந்துவிடும். இருக்கும் கொட்டை ஆவணி வரை தாங்கும். அப்புறம் உடைக்க வரும் பெண்களிடம், "பங்குனிக்குச் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு கேட்டைச் சாத்துவதுதான் இங்கே எல்லோருடைய வழக்கமும். நீங்களும் கல்யாணத்துக்கு முன்னால் தா.பழூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கொட்டை உடைத்தவர்தான். அந்தச் சாத்திய கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறீர்கள். "தீவாளி வர்ற மாசத்துல பட்டினி போடுறதுக்குப் பேரு தொழிலா பாப்பா?" என்பீர்கள். எனக்கு நாற்பது வயதாகியும் உங்களுக்கு நான் பாப்பாதான்.

அதற்காகத்தான் ஆப்பிரிக்கக் கொட்டை வாங்கினோம். இடையில் ஒரு தரகரை நம்பி வாங்கியதில், வந்த லோடில் பாதி பூஞ்சை. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் கேட்டை ஒரேயடியாகச் சாத்த வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் மட்டும், "விக்கிறவங்க மூஞ்சியப் பாக்காம வாங்கினா இப்படித்தான். நேர்லயே போவோம்" என்றீர்கள்.

போகக்கூடாது என்று அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தார். "பொம்பளைங்க ரெண்டு பேரு ஆப்பிரிக்கா போறீங்களா? பாஷை தெரியுமா? ஆளத் தெரியுமா?"

"கொட்டையத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு நீங்கள் பெட்டியை மூடினீர்கள்.

ஐவரி கோஸ்ட்டில் நமக்குத் துணையாக இருந்தவர் நம் பக்கத்து ஊரான லப்பைக்குடிகாட்டைச் சேர்ந்த பாய் ஒருவர். அங்கே கடை வைத்திருந்தார், பிரெஞ்சு சரளமாகப் பேசுவார். ஊர் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் சாப்பிட விடவில்லை. அவர்தான் நம்மை அந்த நாட்டுக் கொட்டை வியாபாரி அம்மா ஒருவரின் குடோனுக்கு அழைத்துப் போனார். சுற்றுக் கிராமங்களின் கொட்டையெல்லாம் வந்து சேர்கிற இடம். அந்த அம்மா நல்ல வாட்டசாட்டம். மூட்டை மேல் உட்கார்ந்தபடியே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

வேறு நாட்டு வியாபாரிகள் இருவர் அங்கே நின்றார்கள். நீங்கள் ஒரு விலை சொல்வீர்கள், பாய் அதைப் பிரெஞ்சில் உரக்கச் சொல்வார், உடனே அந்த இருவரும் அதற்கு மேல் ஏற்றிச் சொல்வார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"பாய், செத்த வாய மூடுங்க. அந்தத் துண்டக் குடுங்க" என்று அவர் தோளில் கிடந்ததை உருவினீர்கள்.

உங்கள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் விளையாட்டாக உங்களுக்கும் அதைப் பழக்கியிருந்தார். ஆனால் கடல் கடந்து இருக்கிற அந்த அம்மாவுக்கு நம் ஊர் மாட்டுச் சந்தை வழக்கம் எப்படித் தெரியும்? நீங்கள் பாட்டுக்கு அவர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடிவிட்டீர்கள்!

அந்த அம்மா ஒரு சத்தம் போட்டுக் கையை உதறினார். குடோன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "யா அல்லாஹ்! என்னம்மா இது, மாடு புடிக்கவா வந்தீங்க?" என்று பாய் பதறினார். போச்சு, பூஞ்சைக் கொட்டைகூட இனிக் கிடைக்காது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா உங்கள் கையைத் தானே இழுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொட்டைப் பால் பட்டுக் கருத்த நகங்கள், தோலுரிந்து தழும்பேறிய விரல்கள். தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டி என்னவோ சொன்னார்.

"வாங்க வர்ற ஆளுங்க கையெல்லாம் வழவழன்னு இருக்குமாம். கொட்ட தொட்ட கையோட ஒருத்தரு வந்தது இதான் மொத தடவையாம்" என்றார் பாய். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

ஒரு விரலுக்கு எவ்வளவு என்பதை மட்டும் அந்த அம்மாவின் காதில் சொல்லும்படி பாயிடம் சொன்னீர்கள். பிறகு அந்த அம்மாவே துண்டுக்குள் கையை விட்டார். நீங்கள் பிடிக்க, அவர் உதற, அவர் பிடிக்க, நீங்கள் உதட்டைப் பிதுக்க, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தீர்கள். மற்ற வியாபாரிகள் கழுத்தை நீட்டிப் பார்த்ததுதான் மிச்சம். முன்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை விட்டுவிட்டு உள்ளறையைத் திறந்துவிட்டார் அந்த அம்மா. நீங்கள் ஒரு கொட்டையை வெட்டிப் பார்த்து என்னிடம் நீட்டினீர்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது பருப்பு.

திரும்பும் வழியில், "என்ன வெலைக்கு முடிச்சீங்க?" என்று கேட்டேன். "துண்டுக்குள்ள பேசினதக் கேக்கக் கூடாது பாப்பா" என்றீர்கள். கொழுப்பைப் பாருங்கள்!

அந்த வருஷம் ஐப்பசி மழையிலும் நம் கொட்டகையில் கொட்டை உடைபடும் சத்தம் கேட்டது. பிறகு பாயின் தம்பி மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, உங்களுக்கென்று பளபளப்பான டப்பாவில் முந்திரி கொண்டுவந்தானே, நினைவிருக்கிறதா? ஒரு பருப்பை வாயில் போட்டதும், "அடப்பாவி, இது நம்ம பருப்புடா! நம்ம வூட்டுக்கே காசு குடுத்து வாங்கியாந்திருக்க" என்றீர்கள். அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. இல்லையென்று சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. நானும் இன்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் அடித்துச் சொல்கிறேன். எனக்கு அவ்வளவு பெருமை.

போன கார்த்திகையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. உங்களை எடுத்த மறுநாள் நம் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அழுது முடித்த பிறகும் போகாமல் நின்றார்கள். எதைக் கேட்க நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"நாளைக்குக் காலைல எப்பவும்போல வந்துடுங்க" என்றேன்.

உறவுக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "காரியம்கூட முடியல, அதுக்குள்ள வேலையா? ஊரு என்ன பேசும்?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "எங்க அண்ணி இருந்திருந்தா, இன்னிக்கே ஏன் வரலைன்னு கேட்டிருப்பாங்க" என்றேன்.

மறுநாள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உடைத்தோம். உங்களுக்காகக்கூட நான் கேட்டைச் சாத்தவில்லை, அண்ணி. இனி வேறு யாருக்காகச் சாத்தப் போகிறேன்?