இறக்கத்தில் அணைத்த என்ஜின்

கோவில்பட்டி
1962 மார்ச் 11, ஞாயிறு, காலை பத்து மணி.
செத்தது மனிதர் இருவர், ஆடு பதினேழு.

தம்பி செய்யது அலிக்கு, அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கே உம்மாவுக்கு நலம். எனக்கு நெற்றியில் நான்கு தையல், பயப்படாதே. வாப்பா போனபின் உனக்குத் தகப்பன் நான்தான் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். பெருநாளுக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனி பஸ் கழுகுமலை ரோட்டு ஓடை இறக்கத்தில் ஆட்டு மந்தைக்குள் புகுந்து, மேய்த்துவந்த வேலுத்தாயையும் அவள் மகளையும் அரைத்துவிட்டது. ஊர்க்காரர்கள் டிரைவர் செண்பகராஜ் அண்ணாச்சியை ஜன்னல் வழியே இழுத்துப்போட்டு, தொரட்டிக் கம்பால் அடித்து வலது கையை முறித்தார்கள். மெக்கானிக் வேலை பெருநாளைப் பார்க்குமா, மறுநாள் புதுச்சட்டையோடு நான் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பழுதும் இல்லை. இறக்கத்தில் என்ஜினை அணைத்து வண்டியை உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறவன்தான் இங்கே கெட்டிக்கார டிரைவர். அந்த வண்டியின் பிரேக்குக்குப் பலம் தருவதே ஓடும் என்ஜின்தான். அணைத்தால் இரண்டு முறை மிதிக்கலாம், அப்புறம் பெடல் கல்லாய் இறுகிவிடும். அண்ணாச்சியும் அன்று அணைத்துத்தான் இறங்கியிருக்கிறார் என்று ஷெட்டில் சொன்னேன். "ஏலே படிச்ச மூதி, அடிபட்டவன் மேலயே பழியப் போடுதியா?" என்று டிரைவர் சுடலைக்கண்ணு ஸ்பேனரை வீசினான். ரத்தம் கண்ணை மறைக்க, நானும் அவன் பல்லை உடைத்தேன். வீட்டில் என் ரத்தச் சட்டையைப் பார்த்து, பஸ்ஸு கொன்னது போதாதா, நீங்க வேறயா என்று உம்மா கத்தினாள். ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியிடமும் அந்த பிரேக் விஷயத்தைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இருவது வருசமா ஓட்டுதேன், இத ஒருத்தனும் சொல்லலியேடே" என்றார். அந்த ஒருத்தன் உன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். உனக்கு நான்கு வருடமாக பிரேக்கை வரையக் கற்றுத்தருகிறார்கள். மிதிக்கிறவனோ கிளீனராய்த் தொங்கிக்கொண்டு பார்த்துப் பழகியதோடு சரி. உன் புரொபசரிடம் கேள்: லீவில் பூட்டிக் கிடக்கும் லேபை டிரைவர்களுக்குத் திறந்தால் என்ன, பாதியாய் அறுத்த பிரேக்கை இங்கே கொண்டுவந்து தமிழில் விளக்கினால் என்ன? பங்குனி உத்திரத்துக்கு இதே இறக்கத்தில்தான் பஸ்கள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும். மரியாதையாகக் கேள், என்னைப்போல் கத்தாதே. வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. நீ நீடூழி வாழ உம்மாவின் துஆ உண்டு.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை முதலாளியை நிற்கவைத்து, காலி வண்டியை என்ஜின் அணைத்துக் கரிசல் காட்டுக்குள் உருட்டிக் காட்டுவேன். மிதிக்கப்போவது சுடலைக்கண்ணு.

2. திருவிழா முடியும்வரை ஓடைப் பக்கம் நிற்பேன். சத்தமில்லாமல் இறங்கும் வண்டியின் டிரைவரை அடுத்த நிறுத்தத்தில் சட்டையைப் பிடித்து இறக்குவேன்.

3. அண்ணாச்சியின் கை இனி ஸ்டீரிங் பிடிக்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். வகுப்பு உண்டு, அதில் சொல்லித்தர ஒரு பழைய டிரைவர் வேண்டும் என்று உன் தந்தி வந்த பிறகுதான் அதை அவரிடம் சொல்வேன்.

உன் அண்ணன்
அப்துல் சுபஹான்