ஒரே பிளக்

கிளாங், மலேசியா

அன்புள்ள வளர்மதிக்கு,

நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே காய்கறிச் செடிகளுக்கு டீ கொடுக்கிறோம், சிரிக்காதே. மக்கிய உரத்தையும் வெல்லப்பாகையும் தண்ணீரில் கரைத்து, மோட்டார் வைத்து இரவும் பகலும் காற்று ஊத வேண்டும். அந்தத் தண்ணீருக்குத்தான் டீ என்று பெயர். காற்று நின்றால் நாறிவிடும். எங்கள் அறையில் இருப்பது ஒரே பிளக். அது மோட்டாருக்கு, ஃபேனுக்கு இல்லை.

போன வாரம் பக்கத்துக் கட்டில் மாரிச்சாமி அண்ணன், மூச்சு இழுக்கிறது என்று மோட்டாரைப் பிடுங்கிவிட்டு ஃபேனை மாட்டினார். டீ கெட்டுப்போனது. முதலாளி கத்தினார்: "காத்து இல்லன்னா அது செத்துரும் லா! ஃபேன் இல்லன்னா நீ செத்துருவியா?" அண்ணன் ஃபேனைக் கழற்றிவிட்டு மோட்டாரை மாட்டினார். மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீ பயப்படாதே, எனக்கு மூச்சுக் கோளாறு இல்லை. வெண்டை நன்றாகக் காய்க்கிறது.

அண்ணன் வீட்டுக்கு முதலாளியே போனில் பேசுவாராம். நீ போய் எதுவும் சொல்லிவிடாதே.

லோரி வந்துவிட்டது, முடிக்கிறேன். இதைக் கொண்டுவருகிறவர் திரும்பும்போது ஓலை விசிறி கொடுத்துவிடு. போன கடிதத்தில் அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு கேட்டிருந்தேன். ஒன்று போதும்.

உன்
தங்கராசு