தட்டைப் போட்டவன் எழுதுவது

அக்கா,

சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடு.

நேற்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே உன் வயலின் பதிவைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றேன். "எது, குழாய்த் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். நியாயம்தான்.

இன்று கதவைச் சாத்திவிட்டு, வேறு வேலை பார்க்காமல் மூன்று முறை கேட்டேன். பதிவின் நடுவில் ஒரு தட்டு விழும் சத்தம் கேட்கிறது. நீ பதிவு செய்தபோது அதைக் கீழே போட்டவன் நான்தான். அங்கிருந்துதான் உன் வாசிப்பு தறிகெட்டு ஓடுகிறது. நீ அதைச் சொல்லிக்காட்டவே இல்லை.

இதை இசைக்குழுவுக்கு அனுப்பாதே, உன்னை எடுக்க மாட்டார்கள். அனுப்ப நாளை வரை நேரம் இருக்கிறது. இன்று சாயங்காலம் மறுபடி வாசித்துப் பதிவு செய்.

தம்பி

பி.கு. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள். நீ முடிக்கும் வரை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.