அடைப்புக்குறிக்குள் இருந்தது

ஜூன் 9, செவ்வாய்

நான்காம் வகுப்பு, நாடகப் பாடம். ராணி வசனத்துக்குத் தையல்காரம்மாவின் மகள் தானே கை தூக்கினாள். வாயே திறக்காத பிள்ளை. எழுந்து நின்று, “ராணி, கோபமாக எழுந்து, யாரங்கே” என்று ஒரே மூச்சில் வாசித்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்ததும் வசனம் என்று நினைத்துவிட்டாள். நானும் அதே கீச்சுக்குரலில், “டீச்சர், சலித்துப்போய், உட்காரும்மா” என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்காரரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஜூன் 10

அவள் முறை வந்தது. “தொண்டை வலிக்குது டீச்சர்.” விட்டுவிட்டேன்.

ஜூன் 12

இன்றும் தொண்டை வலியாம். விளையாட்டு நேரத்தில் கயிறு தாண்டியபடி கணீரென்று எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

ஜூன் 15

தைக்கக் கொடுத்ததை வாங்கப் போனேன். “தப்பா நினைக்காதீங்க டீச்சர்,” என்றார் அவள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு எழுத்தையும் விடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம். ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினா. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதை வாசிக்க வேணாம்னு அவங்க அப்பா சொன்னதுக்கு, டீச்சர் சொல்லிட்டாங்கன்னு சண்டைக்கு நின்னா.”

சொன்னேன்தான். நான்தான் சொன்னேன்.

“சின்னப் பிள்ளைங்கன்னா அப்படித்தான்” என்று மழுப்பிவிட்டு வந்தேன். சீ — இதுவும் ஒரு பேச்சா?

ஜூன் 16

அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் புதுப் பென்சில் கொடுத்தேன். “எதுக்கு டீச்சர்?” “சும்மா.” கேலி பண்ணினது முப்பது பேர் முன்னாடி, சமாதானம் மட்டும் மூலையிலயா? வெட்கமா இல்லையா எனக்கு?

ஜூன் 17

சொல்லிவிட்டேன். கரும்பலகையில் அடைப்புக்குறி போட்டுக் காட்டி, “இதுக்குள்ள இருக்கிறதை வாசிக்கக் கூடாது, செய்து காட்டணும். இதை நான் சொல்லித் தரவே இல்ல. சொல்லித் தராததுக்குக் கேலி வேற பண்ணினேன். தப்பு என்னோடது” என்றேன்.

முன் பெஞ்சு வாயாடி கேட்டாள்: “அப்ப நாங்க சிரிச்சது?”

“நான் சிரிக்க வச்சேன்.”

தையல்காரம்மாவின் மகள் மேசையைப் பார்த்தபடியே இருந்தாள். மணி அடித்ததும் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 22

ராணிக்கு யாரும் கை தூக்கவில்லை. நானே வாசித்தேன். பாதியில் அவள் குரல்: “ராணி இவ்வளவு அவசரமா பேச மாட்டாங்க டீச்சர்.”

“எப்படிப் பேசுவாங்க?”

எழுந்து, கடைசி வரி வரை வாசித்தாள். சேவகன் வசனம் எனக்கு. நடுவில் ஓரிடத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் வரி தவறிவிட்டது. அவள் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, நான் வரியைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாள்.