இடது பக்கத்துப் பெட்டி

அம்மணி,

"செவுத்துகிட்டப் பேசறாப்புல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நீ கோபியில் இருக்கும் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. உன்னைச் சமாதானப்படுத்த ஒரு லஞ்சம் யோசித்தேன். ஹாலில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் எனக்கே இருக்கட்டும். படுக்கையறை அலமாரிக்குச் சின்னதாக ஒரு ஜோடி, உன் பாட்டுக்கென்று.

காந்திபுரத்தில் ரியாஸ் கடையில் உட்கார்ந்து, பெரிய வித்துவான் மாதிரி கண்ணை மூடிக் கேட்டேன். "இடது பக்கத்துப் பெட்டி ஊமைங்க" என்று தீர்ப்பும் சொன்னேன். அவர் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார். அப்போதும் இடதுதான் ஊமை. வேறு ஜோடி வைத்தார். அதிலும் இடதுதான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அப்படியே திரும்பி உக்காருங்க."

திரும்பினேன். ஊமைப் பெட்டி பாடியது, பாடிய பெட்டி ஊமையானது.

"கோளாறு பெட்டில இல்லீங்கண்ணா" என்றார், மெதுவாக.

மறுநாளே காது டாக்டரிடம் போனேன். ஒரு காது மட்டும் மங்கினால் உள்ளே ஏதாவது வளர்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை தலைக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார் டாக்டர். என் தலைக்குள் ஒன்றுமே இல்லை என்று இருபது வருஷமாகச் சொல்கிறாயே, அது இந்த ஒரு தடவை உண்மையாக இருக்கட்டும்.

காரிலும் கட்டிலிலும் நீ எனக்கு இடது பக்கம். அன்றைக்கு அவிநாசி போகும்போது ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை. நீ கேட்டுப் பார்த்துச் சொல். புதன்கிழமையே வந்துவிடு, பயமாக இருக்கிறது. வந்து என் வலது பக்கம் உட்கார்ந்து, அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்.

நடுக்கத்துடன்,
உன் செவுரு