அலுவலகக் கேனிலிருந்து நான் நிரப்பிய பாட்டில்

அனுப்புநர்
கம்பி கட்டும் தொழிலாளி,
அறை எண் 9, தகரக் கொட்டகை,
அடுக்குமாடிக் கட்டுமானப் பணியிடம்.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்,
குடிநீர்ப் பரிசோதனைப் பிரிவு.

பொருள்: கொட்டகைத் தண்ணீரை மறுபடி பரிசோதித்து, குடிநீருக்குத் தனிக் குழாய் அமைத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கொட்டகைக் குழாயில் வருவது கான்கிரீட் நனைக்க வைத்திருக்கும் தொட்டித் தண்ணீர். தொட்டிக்கு மூடி கிடையாது. சிமெண்டுச் சாக்கு மிதக்கும். துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

2. சென்ற மாதம் தங்கள் ஊழியர் இருவர் வந்து, என்னிடம் ஒரு பாட்டிலை நீட்டித் தண்ணீர் கேட்டார்கள். வெயிலில் வந்தவர்கள், தாகமாக்கும் என்று நினைத்தேன். வந்தவர்களுக்கு அந்தக் கண்றாவியைக் கொடுக்க மனம் வருமா? இஞ்சினீயர் அறைக்கு விலைக்கு வாங்கும் கேனிலிருந்து நிரப்பிக் கொடுத்தேன். அவர்கள் குடிக்கவில்லை, மூடி, சீட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

3. பத்தாம் நாள் 'குடிக்க உகந்தது' என்று சான்றிதழ் வந்தது. மேஸ்திரி அதைக் குழாய்க்கு மேலேயே ஒட்டிவிட்டார். யார் முறையிட்டாலும், "கவர்மெண்டே நல்ல தண்ணின்னு சொல்லிடுச்சு, உனக்கு மட்டும் என்னய்யா?" என்கிறார். நடந்ததைச் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

4. என் அறையில் இருந்த தச்சர் வாந்திபேதியில் படுத்தார். அவருடைய அண்ணன் வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு அறைகளில் இப்போது நான் ஒருவன். நானும் போய்விட்டால் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது என்றுதான் இருக்கிறேன். பேச்சுத்துணை இல்லாமல் சில நாள் குழாயைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

5. போனில் என் குரலைக் கேட்டுப் பொறுக்காமல், என் மனைவி நான்கு வயது மகளோடு வரும் 20ஆம் தேதி இங்கு வந்து தங்கப் போவதாகச் சொல்கிறாள். தண்ணீர் எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வராதே என்று சொல்ல வாய் வரவில்லை, ஐயா.

ஆகவே 20ஆம் தேதிக்குள் ஆள் அனுப்பி, இந்த முறை குழாயிலிருந்தே தண்ணீர் எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். அதற்குள் முடியாதென்றால், அந்தச் சான்றிதழ் தவறு என்று ஒரு வரி எழுதி, முத்திரையிட்டு அனுப்புங்கள். அதை அவளுக்குப் படித்துக் காட்டி நிறுத்திவிடுகிறேன். நானாகச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

நாள்: 11ஆம் தேதி
இடம்: தகரக் கொட்டகை

தங்கள் ஆளுக்காகக் குழாயடியில் காத்திருக்கும்,
அறை எண் 9
(கையொப்பம்)